‘ஹியூம் சொல்கிறார்’ என்று எழுதும் முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமைப் பற்றி ஆய்வேடு எழுத உட்காருகிறவர்களின் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் பெரும்பாலும் இருக்கும்: “ஹியூமின் கருத்துப்படி ஆன்மா என்று ஒன்று இல்லை, மனிதன் வெறும் புலனறிவுகளின் மூட்டை.” பாடநூலில் இருக்கும் வாக்கியம்தான். தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆய்வில்தான் இது நிற்பதில்லை. இது எந்த ஆண்டின் ஹியூம்? ‘ஆன்மா’ அவருடைய சொல்லா, நம்முடையதா? கோபமும் பொறாமையும் ‘புலனறிவு’ ஆகுமா? ‘இல்லை’ என்றாரா, ‘என் கைக்கு அகப்படவில்லை’ என்றாரா?

இந்த ஒரே வாக்கியத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதை ஆய்வுக்குத் தகுந்த வாக்கியமாக மாற்றுவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். காரணகாரியம், அறம், சமயம் என்று ஹியூமில் எதை ஆராய்ந்தாலும் வழி ஏறத்தாழ இதுதான். ‘நான்’ என்பது எது என்ற தன்னிலைச் சிக்கலை எடுத்துக்கொள்ளக் காரணம், அதில் ஹியூம் தன்னோடு தானே முரண்படுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படி ஒப்புக்கொள்ளும் தத்துவவாதிகள் அதிகம் இல்லை.

படி 1: சரியான ஹியூமைக் கண்டுபிடியுங்கள்

சிரிக்க வேண்டாம். தமிழில் ‘ஹியூம்’ என்று தேடினால் காங்கிரஸ் இயக்கத்தைத் தோற்றுவித்த ஏ. ஓ. ஹியூம் முந்திக்கொண்டு வருவார். ஆங்கில நூலகப் பட்டியல்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1757 முதல் 1838 வரை வாழ்ந்த இன்னொரு டேவிட் ஹியூம் உண்டு. எடின்பரோவில் சட்டப் பேராசிரியர், நம் ஹியூமின் அண்ணன் மகன். தத்துவவாதி எழுதிவைத்துப் போன ‘இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்’ 1779-இல் அச்சேறப் பாடுபட்டவர் இவரே என்பதால் இருவர் பெயரும் ஒரே நூலைச் சுற்றி வரும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஒரு வரலாற்றாசிரியருக்கும் இதே பெயர்.

நம்மவர் 1711-இல் எடின்பரோவில் பிறந்தார், 1776-இல் அங்கேயே இறந்தார். குடும்பப் பெயரின் எழுத்து ‘ஹோம்’ என்று இருந்தது. ஆங்கிலேயர் வாயில் அது சிதைவதைப் பார்த்து 1734-இல் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தை மாற்றிக்கொண்டார். உறவினர் சிலர் மாற்றவில்லை. ஆகவே உறவினர் கடிதங்களைத் தேடும்போது இரண்டு எழுத்திலும் தேட வேண்டும். (நாடகாசிரியர் ஜான் ஹோம் கடைசிவரை பழைய எழுத்தையே பிடித்துக்கொண்டிருந்தார், போர்ட் என்ற மதுவும் அவருக்குப் பிடிக்காது. சாவுக்குச் சில நாள் முன்பு ஹியூம் தன் உயிலில் ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்: ஒரு போத்தல் போர்ட்டைத் தனியாளாக இரண்டே அமர்வில் குடித்து முடித்ததாக, ‘ஜான் ஹியூம்’ என்று கையெழுத்திட்டுச் சான்று கொடுத்தால் இன்னும் ஆறு டஜன் போத்தல் அவருக்குச் சேரும். அவர்களுக்குள் இருந்த இரண்டே வேற்றுமைகளும் இதோடு தீர்ந்துவிடும் என்பது ஹியூமின் கணக்கு.)

படி 2: ஆண்டுகளைச் சுவரில் ஒட்டுங்கள்

என்னைக் கேட்டால், ஹியூம் ஆய்வில் நடக்கும் பிழைகளில் பாதி ஆண்டுப் பிழைகள். 1739-இல் சொன்னதையும் 1776-இல் திருத்தியதையும் ஒரே மூச்சில் “ஹியூம் கருதுகிறார்” என்று எழுதிவிடுகிறோம். நம் வாக்கியத்துக்குத் தேவையான ஆண்டுகள் இவை.

1735 முதல் 1737 வரை பிரான்சில் லா ஃப்ளேஷ் என்ற ஊரில் தங்கி ‘எ ட்ரீட்டிஸ் ஆஃப் ஹ்யூமன் நேச்சர்’ (மனித இயல்பு பற்றிய ஆய்வு, இனி ‘ட்ரீட்டிஸ்’) நூலின் பெரும்பகுதியை எழுதுகிறார். 1739 தொடக்கத்தில் முதல் இரண்டு பாகங்கள் ஆசிரியர் பெயரின்றி லண்டனில் வெளியாகின்றன. வயது இருபத்தேழு. 1740-இல் அந்நூலுக்கு ஒரு ‘சுருக்கம்’, அதுவும் பெயரின்றி. அதே ஆண்டின் இறுதியில் மூன்றாம் பாகமும், முதற்பாகத்துக்கான ஒரு பின்னிணைப்பும். 1748-இல் முதற்பாகத்தின் செய்திகளைப் புதிதாக எழுதி வெளியிட்ட நூல். பின்னர் ‘அறிவு பற்றிய விசாரணை’ என்ற பெயரைப் பெற்றது. 1751-இல் அறம் பற்றிய விசாரணை. 1777-இல், இறந்த மறு ஆண்டு, கடைசியாக அவர் கையால் திருத்திய தொகுப்பு.

இந்த வரிசையில் நம் வாக்கியம் எங்கே உட்காருகிறது? ‘மூட்டை’ 1739-இல் இருக்கிறது. 1740 பின்னிணைப்பில் அதே செய்தியை மறுபடி எடுத்து, “ஒரு புதிர்வழிக்குள் சிக்கிக்கொண்டேன், முன் சொன்னதை எப்படித் திருத்துவது, எப்படி முரணின்றி ஆக்குவது என்று தெரியவில்லை” என்கிறார். 1748 நூலில் தன்னிலை பற்றிய பகுதியே இல்லை. ஒரே அட்டவணையைப் பார்த்தவுடன் ஆய்வுக் கேள்வி தானாக எழுந்து நிற்கிறது: சொன்னார், சந்தேகப்பட்டார், விட்டுவிட்டார். ஏன்?

இன்னொரு தேதியும் வேண்டும். 1775 அக்டோபரில் தன் அச்சகத்தாரான ஸ்ட்ராஹனுக்கு ஒரு சிறு முன்குறிப்பை அனுப்பி, இனி வரும் பதிப்பில் சேர்க்கச் சொன்னார். ட்ரீட்டிஸ் தன் இளமைக்கால எழுத்து, தன் பெயர்கூட அதில் இல்லை, பிற்கால நூல்களில் உள்ளதை மட்டுமே தன் தத்துவமாகக் கொள்க என்று அதில் சொல்கிறார். தன்னை விமர்சித்த தாமஸ் ரீடுக்கும் ஜேம்ஸ் பீட்டிக்கும் இது முழுப் பதில் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதுகிறார். பீட்டியை மதவெறி பிடித்த அசட்டு ஆள் என்றும் திட்டுகிறார். ஆக, அந்த முன்குறிப்பு நிதானமான மறுபரிசீலனையா, எரிச்சலில் எழுதிய தற்காப்பா? அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ட்ரீட்டிஸை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் அதிலிருந்து மேற்கோள் காட்டும் ஒவ்வொரு முறையும் “1739-இல் ஹியூம்” என்று ஆண்டோடு எழுதுவது குறைந்தபட்ச நேர்மை.

படி 3: பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

சங்க நூல்களைப் பாடவேறுபாட்டோடு படித்துப் பழகியவர்களுக்கு இந்தப் படி புதிதல்ல. ட்ரீட்டிஸுக்கு நூறாண்டுக்கு மேல் வழக்கில் இருந்தது 1888-இல் வந்த செல்பி-பிக் பதிப்பு. 1978-இல் நிடிச் அதைத் திருத்தினார். இன்றைய ஆய்வுகள் ஏற்கும் பதிப்பு 2007-இல் டேவிட் நார்ட்டனும் மேரி நார்ட்டனும் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் வரிசையில் கொண்டுவந்தது. முதல் தொகுதியில் மூலம், இரண்டாவதில் பதிப்பு வரலாறும் விளக்கக் குறிப்புகளும். விலை நம் சம்பளத்துக்கு அடங்காது. பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். மூலத்தை மட்டும் படிக்க, பீட்டர் மில்லிகனும் அமியாஸ் மெரிவேலும் நடத்தும் ஹியூம் மூலநூல் இணையதளத்தில் எல்லா முக்கிய நூல்களும் இலவசமாக, பத்தி எண்ணோடு கிடைக்கின்றன.

அந்தப் பத்தி எண்ணே மேற்கோள் முறை. ‘டி 1.4.6.3’ என்றால் ட்ரீட்டிஸ், முதற்பாகம், நான்காம் பகுதி, ஆறாம் இயல், மூன்றாம் பத்தி. இதோடு ‘எஸ்பிஎன் 252’ என்று செல்பி-பிக், நிடிச் பதிப்பின் பக்க எண்ணையும் சேர்ப்பார்கள். பக்க எண்ணை மட்டும் கொடுத்தால் வேறு பதிப்பு வைத்திருப்பவர் தேடி அலைய வேண்டும். பத்தி எண் கொடுத்தால் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடித்துவிடலாம். குறள் எண் கொடுப்பது போல.

ஓர் எச்சரிக்கை: பின்னிணைப்பை நூலின் கடைசியில் தேடிப் படிக்க வேண்டும். மலிவுப் பதிப்பில் முதற்பாகத்தை மட்டும் படித்து மூடிவைத்தவர்களுக்கு ஹியூம் தன் கருத்தைச் சந்தேகித்தார் என்பதே தெரியாமல் போகும். பாடநூல் வாக்கியம் இத்தனை உறுதியோடு உலவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பாடவேறுபாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் கேள்விக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு. ‘நாட்டினங்களின் குணங்கள்’ பற்றிய கட்டுரை 1748-இல் வந்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அடிக்குறிப்பு அதில் அப்போது இல்லை, 1753-இல் சேர்த்தார். 1777 பதிப்பில் அதன் சொற்கள் மாறியிருக்கின்றன; மாற்றிய பிறகும் அது இழிவாகவே இருக்கிறது. 2020-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஹியூம் பெயரிலிருந்த கட்டடத்தின் பெயரை மாற்றியபோது சண்டை மூண்டது இந்தக் குறிப்பைச் சுற்றித்தான். எந்த வடிவம், எந்த ஆண்டு என்று சொல்லாமல் அதை மேற்கோள் காட்டியவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள்.

படி 4: ஒரே இயலைப் பத்தி பத்தியாகப் பிரியுங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். மற்ற படிகளையெல்லாம் ஒரு மாதத்தில் முடித்தால், இதற்கு மட்டும் ஒரு மாதம் கொடுங்கள்.

ட்ரீட்டிஸ் 1.4.6 மொத்தம் இருபத்துமூன்று பத்திகள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பத்தியின் வேலை என்ன என்பதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “இங்கே ஹியூம் தன்னிலை பற்றிப் பேசுகிறார்” என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். வேலை என்றால்: எதிராளியின் கூற்றை வைக்கிறார், அதை மறுக்கிறார், உவமை தருகிறார், உவமைக்கு வரம்பு கட்டுகிறார், என்பது போல.

செய்துபார்த்தால் என்ன கிடைக்கும் என்று சில பத்திகளைக் காட்டுகிறேன். முதற்பத்தியில் எதிராளி வருகிறார்: ஒவ்வொரு கணமும் ‘நான்’ என்பதை நேரடியாக உணர்கிறோம், அதற்குச் சான்றே தேவையில்லை என்று நினைக்கும் சில தத்துவவாதிகள். மூன்றாம் பத்தியில் புகழ்பெற்ற பதில். எனக்குள் நான் எவ்வளவு நெருங்கிப் போனாலும் சூடு, குளிர், வெளிச்சம், நிழல், அன்பு, வெறுப்பு, வலி, இன்பம் என்று ஏதாவது ஒன்றில்தான் இடறுகிறேன். அவை எதுவும் இல்லாத வெறும் ‘என்னை’ ஒருபோதும் பிடிக்க முடிந்ததில்லை. பட்டியலைக் கவனியுங்கள். அன்பும் வெறுப்பும் அதில் இருக்கின்றன. ‘புலனறிவுகளின் மூட்டை’ இங்கேயே அவிழ்ந்துவிட்டது.

அதே பத்தியில் இன்னொன்று. ஆழ்ந்த உறக்கத்தில் இவை எல்லாம் நின்றுபோகும்போது, நான் இல்லை என்றே உண்மையாகச் சொல்லலாம் என்கிறார். பலர் இதை ‘தன்னிலை இல்லை’ என்பதற்கு மேற்கோளாகக் காட்டுகிறார்கள். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. உறங்கும்போது இல்லை என்று சொல்கிறவர், விழித்திருக்கும்போது இருப்பதாக ஒப்புக்கொள்கிறார் அல்லவா? அவர் மறுப்பது ஒரு குறிப்பிட்ட வகைத் தன்னிலையை: மாறாத, எளிய, எல்லாவற்றுக்கும் பின்னால் நின்று தாங்கும் ஒன்றை. ‘சுருக்கம்’ இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. மனநிகழ்வுகள், அதாவது புலனறிவு, உணர்ச்சி, எண்ணம் என மனத்தில் நிகழும் அனைத்தும், மனத்தை ஆக்குகின்றன. ‘ஆக்குகின்றன’ என்கிறேன், ‘மனத்துக்குச் சொந்தமாகின்றன’ என்று சொல்லவில்லை என்று தன் வினைச்சொல்லை அவரே அடிக்கோடிடுகிறார்.

நான்காம் பத்தியில் மூட்டையும் நாடக அரங்கும் வருகின்றன. அரங்க உவமையைச் சொன்ன கையோடு, அது நம்மை ஏமாற்றிவிடக் கூடாது என்று அவரே தடுக்கிறார்: காட்சிகள் மட்டுமே உண்டு, அவை நடக்கும் மேடை எதுவும் நமக்குத் தெரியாது. உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிடும் கட்டுரைகள் ஏராளம். பத்தொன்பதாம் பத்தியில் வேறோர் உவமை: குடியரசு. உறுப்பினர்கள் மாறுவார்கள், சட்டங்களும் மாறும், குடியரசு தொடரும். மூட்டையில் கட்டு இல்லை. குடியரசில் காரணகாரியத் தொடர்ச்சி இருக்கிறது. ஹியூம் தன் சொந்தக் கருத்துக்கு எந்த உவமையை உகந்ததாக நினைத்தார் என்று கேட்டால், பெயர் பெற்ற உவமை தோற்றுப்போகும்.

ஐந்தாம் பத்தியை யாரும் நின்று படிப்பதில்லை. சிந்தனை, கற்பனை சார்ந்த தன்னிலை வேறு. உணர்ச்சிகள், நம்மைப் பற்றிய அக்கறை சார்ந்த தன்னிலை வேறு. இங்கே முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று அதில் வரம்பு கட்டுகிறார். இரண்டாவது, இரண்டாம் பாகத்தில் பெருமிதம், நாணம் ஆகியவற்றோடு வருகிறது. அங்கே, டி 2.1.11.4-இல், நம்மைப் பற்றிய எண்ணம், ஏன், பதிவே (எண்ணத்துக்கு மூலமான தெளிவான அனுபவமே) எப்போதும் நம்மோடு நெருக்கமாக இருக்கிறது என்கிறார்! 1.4.6-இல் தேடிக் கிடைக்காதது இங்கே கூடவே இருக்கிறதாம். முரணா? ஐந்தாம் பத்தியைப் படித்தவர் உடனே முரண் என்று கத்தமாட்டார். படிக்காதவர் ஒரு முழுக் கட்டுரை எழுதிவிடுவார்.

இனி பின்னிணைப்பு (எஸ்பிஎன் 633–636). சிக்கலின் மையம் இருபத்தொன்றாம் பத்தி. தன்னால் முரணின்றி இணைக்க முடியாத, கைவிடவும் முடியாத இரண்டு கொள்கைகள் என்று சொல்கிறார். ஒன்று: வேறுபடுத்தக்கூடிய மனநிகழ்வுகள் எல்லாம் தனித்தனி இருப்புகள். இரண்டு: தனித்தனி இருப்புகளுக்கிடையே மெய்யான பிணைப்பு எதையும் மனம் காண்பதில்லை. இப்போது நிதானமாகப் பாருங்கள். இரண்டும் முரண்படவே இல்லை. தனித்தனிப் பொருள்கள், பிணைப்பு தெரியவில்லை. நன்றாகத்தான் ஒத்துப்போகின்றன. அப்படியானால் ஹியூமின் கவலை உண்மையில் எது? அவர் சொல்லவில்லை. இந்த ஒரு மௌனத்தை விளக்க இத்தனை தலைமுறை அறிஞர்கள் உழைத்திருக்கிறார்கள்.

படி 5: சொற்களுக்கு ஒரு தனி ஏடு

ஹியூமின் ஆங்கிலம் எளிதாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. ட்ரீட்டிஸின் துணைத்தலைப்பில் வரும் ‘மாரல் சப்ஜெக்ட்ஸ்’ என்பதை ‘அறவியல் பொருள்கள்’ என்று மொழிபெயர்த்தால் நூலின் நோக்கமே கவிழ்ந்துவிடும். அக்கால வழக்கில் அது இயற்கைப் பொருள்களுக்கு எதிராக, மனிதர் சார்ந்த எல்லாவற்றையும் குறிக்கும். நீதியை ‘ஆர்டிஃபிஷியல்’ அறம் என்கிறார். போலி என்று பொருளல்ல, மனிதர் கூடி உருவாக்கியது என்று பொருள். ‘எந்தூசியாசம்’ என்றால் ஆர்வம் அல்ல, சமய ஆவேசம்.

நம் கேள்விக்கான சொற்களில் நான் இப்படி முடிவெடுப்பேன். ‘பெர்செப்ஷன்’ ஹியூமிடம் மனத்தில் நிகழும் அனைத்துக்கும் பொதுப்பெயர், ஆகவே ‘மனநிகழ்வு’. ‘ஐடியா’ என்பது பதிவின் மங்கிய படிமம், ‘கருத்து’ என்றால் அது கொள்கை, அபிப்பிராயம் என்று ஓடிவிடும், ‘எண்ணம்’ பரவாயில்லை. ‘இம்ப்ரெஷன்’ என்பதற்குப் ‘பதிவு’ எல்லோரும் எழுதுவது. நானும் எழுதுகிறேன், மனச் சங்கடத்தோடு. பதிவு என்றால் எதன்மேல் எது பதிந்தது என்ற கேள்வி வருமே? நல்லவேளை, முதல் இயலின் அடிக்குறிப்பில் ஹியூமே இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைக்கிறார்: அச்சொல்லால் அவை உண்டாகும் விதத்தைக் குறிக்கவில்லை, அந்த நிகழ்வுகளையே குறிக்கிறேன் என்கிறார். அந்த அடிக்குறிப்பைத் தமிழிலும் கொண்டுவந்துவிட்டால் ‘பதிவு’ தப்பும்.

கடைசியாக ‘ஆன்மா’. ஹியூம் செல்ஃப், மைண்ட், சோல், பர்சன் என்று நான்கு சொற்களை அங்கங்கே மாற்றி மாற்றிப் போடுகிறார். தமிழில் ‘ஆன்மா’ என்று எழுதிய மாத்திரத்தில் பதி, பசு, பாசம் எல்லாம் உடன் வந்து உட்கார்ந்துவிடும். ‘சோல்’ வரும் இடங்களில் மட்டும் ‘ஆன்மா’வை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் ‘தன்னிலை’, ‘மனம்’ என்று பிரித்து எழுதுவதே நல்லது. எந்தத் தேர்வைச் செய்தாலும் ஆய்வேட்டின் தொடக்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கிச் சொல்லிவிடுங்கள்.

கணினியில் சொல் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தொடர்பு என்னும் பொருளுள்ள ‘கனெக்‌ஷன்’ என்ற சொல்லை ஹியூம் நடுவில் ‘எக்ஸ்’ எழுத்தை இட்டே எழுதினார். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் மிக முக்கியமான பத்திகள் வலையில் விழா. மேலும், பாடநூல்களில் பெயர்பெற்ற ‘தொகுத்தறிதல் சிக்கல்’, ‘ஹியூமின் கவை’, ‘ஹியூமின் கில்லட்டின்’ எல்லாம் பின்னால் வந்தவர்கள் ஒட்டிய சீட்டுகள். மூலத்தில் தேடிக் காணாமல் திகைக்க வேண்டாம்.

படி 6: பேசுவது யார்?

‘உரையாடல்க’ளில் கிளியாந்தஸ், டெமியா, ஃபைலோ மூவரும் பேசுகிறார்கள், பாம்ஃபிலஸ் என்ற இளைஞன் அதைக் கேட்டு எழுதுகிறான். அதிலிருந்து எதையும் “ஹியூம் சொல்கிறார்” என்று எடுக்க முடியாது. “ஃபைலோ சொல்கிறான்” என்றே எழுத வேண்டும். 1742 கட்டுரைகளில் எப்பிகூரியன், ஸ்டோயிக், பிளேட்டோனியன், ஐயவாதி என்று நால்வரின் குரலில் எழுதியவையும் அப்படியே. ட்ரீட்டிஸில் இந்தச் சிக்கல் இல்லையென்று நினைக்காதீர்கள். முதற்பாகத்தின் கடைசி இயலில் தன் ஐயங்களால் தானே மிரண்டு, பிறகு நண்பர்களோடு உணவருந்தி, பாக்கேமன் ஆடி, சிரித்துவிட்டுத் திரும்பிவரும் ஒருவர் பேசுகிறார். அந்த மிரட்சியை முடிந்த முடிவாக மேற்கோள் காட்டியவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

படி 7: உரையாசிரியர்களிடம் போவது

மூலத்தை ஐந்து முறையாவது படிக்காமல் ஒரு கட்டுரையையும் திறக்காதீர்கள். படித்த பிறகு, ஒத்துப்போகும் பத்துப் பேரை விட, ஒத்துப்போகாத இரண்டு பேரைத் தேடுங்கள்.

பெரிய வரைபடம் இவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூம், லாக்கிலும் பார்க்லியிலும் தொடங்கிய அனுபவவாதம் (அறிவு அனுபவத்திலிருந்தே வருகிறது என்ற கொள்கை) முட்டி நின்ற சுவர். 1905-இல் நார்மன் கெம்ப் ஸ்மித் எழுதிய கட்டுரைகளும் 1941-இல் வந்த அவருடைய நூலும் அதைத் திருப்பிப்போட்டன: ஹியூம் அழிக்க வந்தவரல்லர், நம்பிக்கைகள் மனித இயல்பிலிருந்து எப்படி எழுகின்றன என்று விளக்க வந்தவர். 1980-களில் ஜான் ரைட், கேலன் ஸ்ட்ராசன் முதலியோர், பொருள்களில் மெய்யான காரண ஆற்றல் உண்டென்று ஹியூம் நம்பினார், அதை நம்மால் அறிய முடியாது என்று மட்டுமே சொன்னார் என்று வாதிட்டார்கள். அந்தச் சண்டை முடியவில்லை. 1975 முதல் வரும் ‘ஹியூம் ஸ்டடீஸ்’ ஆய்விதழில் இவை எல்லாவற்றின் தடமும் இருக்கிறது.

பின்னிணைப்புச் சிக்கலுக்கு வந்திருக்கும் விடைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது நாம் பத்தி பிரித்ததோடு நேராக இணைகிறது. பதினேழாம் பத்தியில் ஹியூம், மனநிகழ்வுகளை ஒன்றாகக் கோக்கும் உறவுகளில் அண்மையை (இட, கால நெருக்கத்தை) விலக்கி, ஒப்புமையையும் காரணகாரியத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். டான் காரெட் 1981-இல் கேட்ட கேள்வி: இருவேறு மனங்களில் ஒரே நேரத்தில், அச்சு அசலாக ஒரே மாதிரி ஒரு மனநிகழ்வு எழுந்தால், அதற்கு இடம் என்பதும் இல்லாவிட்டால், எது யாருடையது என்று எதைக்கொண்டு பிரிப்பது? ஒப்புமை இரண்டுக்கும் ஒன்று. காலமும் ஒன்று. இடம் இல்லை. காரணத்தொடர்பும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. ஆக மூட்டைகளைத் தனித்தனியாகக் கட்ட ஹியூமிடம் கயிறு இல்லை. ஹியூம் 1740-இல் உண்மையிலேயே இதை நினைத்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் விடை எந்தப் பத்தியில் கால் ஊன்றியிருக்கிறது என்று காட்ட முடிகிறதே, அந்த வகை விடைகளைத்தான் முதலில் எடுத்துப் பரிசீலிக்க வேண்டும்.

படி 8: சான்றின் எடை: ஒரு புதுச்சேரிச் சோதனை

தமிழ் வாசகர் எவரும் இந்த இடத்தில் பௌத்தத்தை நினைப்பார். மாறாத ‘நான்’ இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்வுகளே உண்டு என்பது மணிமேகலை படித்தவருக்குப் புதிதா? ஒப்பிட்டு எழுத ஆசை வரும். ஒப்புமை ஒன்று, தாக்கம் வேறொன்று. இந்த வேறுபாட்டைப் பழக ஒரு நல்ல வழக்கு இருக்கிறது.

2009-இல் உளவியலாளர் அலிசன் கோப்னிக், ஹியூமுக்குப் பௌத்தம் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா என்று ‘ஹியூம் ஸ்டடீஸ்’ இதழில் எழுதினார். அவர் காட்டிய ஆள் சார்ல் பிரான்சுவா தோலு என்ற ஏசுசபைத் துறவி. 1687-இல் பிரெஞ்சுத் தூதுக் குழுவோடு பௌத்த நாடான சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) போனவர். பின்னர் நம் புதுச்சேரியில் பணியாற்றியவர். முதுமையில் லா ஃப்ளேஷ் ஏசுசபைக் கல்லூரியில் வாழ்ந்தவர். ஹியூம் அந்த ஊரில் இருந்த ஆண்டுகளில் தோலுவும் அங்கே இருந்தார்.

இதை எடை போடுங்கள். உறுதியானது: இருவரும் ஒரே ஊரில், ஒரே காலத்தில். உறுதியானது: ஹியூம் அக்கல்லூரித் துறவிகளோடு பேசினார், 1762-இல் ஜார்ஜ் கேம்பலுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே ஒரு துறவி ஏதோ அற்புதம் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் அற்புதங்களுக்கு எதிரான வாதம் தனக்குத் தோன்றியது என்கிறார். ஆனால் துறவியின் பெயர் இல்லை, பௌத்தம் என்ற பேச்சும் இல்லை. மறுபக்கம் இன்னொரு கடிதம்: 1737 ஆகஸ்டில் நண்பர் மைக்கேல் ராம்சேக்கு, தன் நூலைப் புரிந்துகொள்ள மாலப்ராஞ்ச், பார்க்லி, பெயிலின் அகராதியில் சில பதிவுகள், டெகார்த் ஆகியவற்றைப் படிக்கச் சொல்கிறார். இது அவரே தந்த பட்டியல். ஆய்வேட்டில் மாலப்ராஞ்ச்சுக்கு ஓர் இயல் கொடுங்கள். தோலுவுக்கு ஒரு பத்தி போதும், “இருந்திருக்கலாம்” என்ற வினையோடு. எனக்கும் வருத்தம்தான். புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ட்ரீட்டிஸுக்கு ஒரு கோடு இழுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்.

படி 9: வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்

இயல் எழுதும்போது கூற்று சிறியதாக இருக்கட்டும். “ஹியூமின் தன்னிலைக் கோட்பாடு” என்ற தலைப்பு நெறியாளரை மகிழ்விக்கும், உங்களை மூழ்கடிக்கும். “டி 1.4.6.17-இல் அண்மையை விலக்கியதற்கும் பின்னிணைப்பின் ஐயத்துக்கும் உள்ள தொடர்பு” என்றால் கரை தெரியும்.

ஒவ்வொரு மேற்கோளையும் கடைசியில் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிறர் கட்டுரையிலிருந்து எடுத்த மேற்கோளை ஒருபோதும் அப்படியே விடாதீர்கள். மொழிபெயர்த்துத் தருவதென்றால் எல்லாம் உங்கள் மொழிபெயர்ப்பு என்று சொல்லி, பத்தி எண்ணைத் தவறாமல் கொடுங்கள்.

விடை கிடைக்காத இடத்தில் விடை கிடைத்ததாக எழுத வேண்டியதில்லை. பின்னிணைப்பில் ஹியூமே, ஐயவாதிக்குரிய சலுகையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, இது என் அறிவுக்கு மிஞ்சிய சிக்கல் என்கிறார். அதற்காக அறவே தீராதது என்றும் சொல்லிவிடவில்லை, வேறு யாரோ, பின்னொரு நாளில் தானோ தீர்க்கலாம் என்று விட்டுவைக்கிறார்.

முதல் நாள் கொண்டுவந்த வாக்கியம் இப்போது இப்படி ஆகும்: “1739-இல் ஹியூம், மாறாத எளிய தன்னிலை எதையும் தான் தனக்குள் கண்டதில்லை என்றும், மனம் என்பது காரணகாரியத்தாலும் ஒப்புமையாலும் கோக்கப்பட்ட மனநிகழ்வுகளின் தொகுதியே என்றும் வாதிட்டார் (டி 1.4.6.3–4, 17–19), உணர்ச்சிகள் சார்ந்த தன்னிலையை அந்த வாதத்துக்கு வெளியே வைத்தார் (1.4.6.5), 1740 பின்னிணைப்பில் அவை கோக்கப்படும் விதத்தை விளக்கத் தன்னால் இயலவில்லை என்று ஒப்புக்கொண்டார் (பின். 10–21), 1748 நூலில் இச்சிக்கலை மீண்டும் எடுக்கவில்லை.” நீளமாகிவிட்டது. நெறியாளர் சுருக்கச் சொல்வார். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.